வேலை கேட்கும் நாய்

பண்டார் பாரு வட்டாரத்துத் தோட்டங்களுக்கு நாய் புதிதல்ல. பகலில் வாசலில் படுத்திருக்கும், இரவில் குரைக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும். இப்போது சில வீடுகளில் லெப்ரடோர் என்னும் சீமை நாயையும் காண்கிறோம். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குட்டியாக வாங்கி வந்து பெற்றோரிடம் விட்டுச் செல்கிறார்கள். ஆறேழு மாதத்தில் அது செருப்பைக் கடிக்கிறது, கொடியில் காயும் துணியை இழுக்கிறது, பூச்செடியைத் தோண்டுகிறது. உடனே கழுத்தில் சங்கிலி ஏறுகிறது. 'பொல்லாத நாய்' என்ற பெயரும் வருகிறது. அது பொல்லாததுதானா என்று இன்று பார்ப்போம்.

இதன் முன்னோர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு இருந்த நாய்கள். குளிர்ந்த கடலில் குதித்து, வலையின் கயிற்றையும் தப்பிய மீனையும் கவ்வி வருவது அவற்றின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போன பிறகு, சுட்டு வீழ்த்திய வாத்தை நீரிலிருந்து சிதைக்காமல் எடுத்துவரப் பழக்கினார்கள். 1903ஆம் ஆண்டில் அங்குள்ள நாய்ச் சங்கம் இதைத் தனி இனமாக ஏற்றது. விரல்களுக்கிடையே தோல், துடுப்புப் போன்ற கனத்த வால், தண்ணீர் ஒட்டாத இரட்டை மயிர் எல்லாம் அந்தத் தொழிலுக்கு உதவுபவை. ஆக, வாயில் எதையாவது கவ்வாமல் இந்த நாயால் இருக்க முடியாது. அது கெட்ட குணமன்று, பரம்பரைத் தொழில்.

அந்தத் தொழிலுக்கு இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2007ஆம் ஆண்டில் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லெப்ரடோர் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. திருட்டுத்தனமாகத் தயாரித்த படத் தட்டுகளை வாசனையைக் கொண்டு கண்டுபிடிப்பது அவற்றின் பணி. ஜொகூர் பாருவில் தொடங்கிய சோதனைகளில் பத்து லட்சத்துக்கும் மேலான தட்டுகள் பிடிபட்டன. கள்ளக் கும்பல் ஒன்று அந்த நாய்களின் தலைக்கு விலை வைத்ததாகவும் அப்போது செய்தி வந்தது. நாய்களுக்கோ அது விளையாட்டு. கண்டுபிடித்தால் ஒரு பந்து கிடைக்கும், அவ்வளவுதான்!

நம் வீட்டிலும் அப்படியே. காலையில் பெரட்டுக்கு முன் அரைமணி நேரம், மாலையில் வெயில் தாழ்ந்தபின் அரைமணி நேரம் நடை வேண்டும். ஒரு பழைய துணி முடிச்சை எறிந்து எடுத்துவரச் சொல்லுங்கள். அதைச் செம்பனைப் புதரடியில் ஒளித்து வைத்துத் தேடச் சொன்னால் இன்னும் நல்லது. மூக்குக்கு வேலை கொடுத்தால் உடம்பும் களைக்கும். இதற்கு நேரமில்லாத வீடு குட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது. இருவரும் வேலைக்குப் போய்விட, நாள் முழுதும் இரண்டு முழச் சங்கிலியில் அதைக் கட்டி வைப்பது கொடுமை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைப்போருக்கு இருபதாயிரம் வெள்ளி முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கனத்த மயிருள்ள இந்த நாய்க்கு நம் வெயில் ஆகாது. நண்பகலில் ஓட விடாதீர்கள். மூச்சு மிகவும் இரைத்து, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளித்தபின் தொங்கும் காதுகளைத் துடையுங்கள். ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும்.

சாப்பாட்டில் இது பேராசைக்காரன். 2016ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் காரணத்தைச் சொன்னார்கள்: ஏறக்குறைய நான்கில் ஒரு லெப்ரடோரிடம், பசியை அடக்கும் மரபணு ஒன்று பழுதாக இருக்கிறதாம். எனவே அது கெஞ்சுகிறதே என்று போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. இருவேளை அளந்து போடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். குழம்பில் கிடக்கும் வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும்.

இந்தப் பேராசைக்குத் தோட்டத்தில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. செம்பனை மரத்தடியில் வைக்கும் எலி மருந்துக் கட்டியை இது ஒரே வாயில் விழுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறில் இரத்தம் கசியும், நாய் சோர்ந்து படுக்கும். விழுங்கியது தெரிந்தால், அறிகுறி வருமுன்பே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு மாற்று மருந்து உண்டு. மருந்து வைக்கும் நாள் எது என்று தண்டலிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்துங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்த நோய் தலைகாட்டியது. நகராண்மை உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிள்ளையின் காயத்தைச் சவுக்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக் கொண்டு செல்லுங்கள். மஞ்சளோ காப்பித் தூளோ வைத்துக் கட்டிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.