குளிர்ப் பாசறையும் இறகுப் படுக்கையும்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பாயும் தலையணையும் போதும். அவனே சாரணனாக நுவரெலியாவிற்குப் புறப்படும்போது கதை வேறாகிறது. அந்நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அதனினும் உயர்ந்த ஹோட்டன் சமவெளியில் தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் உறைபனியும் படிவதுண்டு. “என் மகனுக்குத் தொய்வு, இறகுப் படுக்கை ஆகுமா?” என்று தாய்மார் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு ஒருமுறை பிழையான விடை கண்டவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டுப் பாசறையொன்றில் மாணவனொருவன் நள்ளிரவில் மூச்சு இழுக்க எழுந்தமர்ந்தான். உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இறகு உறக்கப்பையில் அவன் படுத்திருந்தான். இறகே குற்றவாளியென்று தீர்மானித்து அதனை அகற்றி, நெடுநாட் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணையையும் பழைய கம்பளியையும் கொடுத்தேன். இழுப்பு மேலும் கூடியது. விடியுமுன் அவனை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். பின்னர் தோலிற் செய்த ஒவ்வாமைச் சோதனையில் இறகிற்கு எவ்வித தடிப்பும் தோன்றவில்லை. தூசி உண்ணிக்கே தடித்தது. அவ்வுறக்கப்பையோ மூன்று மாரி காலங்கள் அலுமாரியில் மடித்தபடி கிடந்ததாம்.

தூசி உண்ணி கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்களவே. மனிதத் தோலினின்று உதிரும் செதில்களை உண்டு, காற்றின் ஈரத்தையே நீராகக் கொண்டு வாழ்வது. கடல் சூழ்ந்த நம் குடாநாடு அதற்கு வாய்ப்பான இடமன்றோ! வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இவ்வுயிரே முதற் காரணமென ஒல்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹொர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர் 1964ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினர். இறகுத் தலையணைகளினும் செயற்கை இழைத் தலையணைகளில் உண்ணிக் கழிவு மிகுந்திருத்தலைப் பிற்கால ஆய்வுகள் கண்டன. மென்னிறகு வெளிவராதபடி நெருக்கமாக நெய்த உறை, உண்ணியையும் தடுப்பதே அதற்குக் காரணமெனக் கருதுவர்.

ஆயினும் இறகே ஒவ்வாதோரும் சிலர் உளர். ஆதலால் முதலிற் செய்யவேண்டியது வைத்தியரின் சோதனை. இறகு ஒவ்வாதெனின் பொலியெஸ்டர் இழை நிரப்பிய உறக்கப்பையே தக்கது. அது பாரமும் பருமனும் சற்று மிகுந்ததெனினும், விலை குறைந்தது. நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காப்பது. ஒவ்வாமை உண்ணிக்கு மட்டுமெனின், நன்கு கழுவிச் சுத்திகரித்த வாத்தின் மென்னிறகு நிரப்பி, நெருங்கிய நெசவுறை இட்டதை வாங்கலாம். மென்னிறகு தன்னிடையே காற்றைச் சிறைப்படுத்தியே வெப்பத்தைக் காக்கிறது. நனைந்தால் ஒட்டிச் சுருங்கிப் பயனற்றுப் போகும். மலைநாட்டு மழையில் இதனை மறத்தலாகாது.

எதை வாங்கினும் உள்ளே பருத்தி உறையொன்றை இடுக. அவ்வுறையை 60 பாகை செல்சியஸ் வெந்நீரிற் கழுவினால் உண்ணிகள் மடியும். பயணத்திற்குப் பல நாட்களுக்கு முன்பே பையை விரித்து வெயிலிற் காயவிட்டு நன்கு தட்டுக. தட்டுபவர் தொய்வுள்ள பிள்ளையாக இருத்தலாகாது. உடலின் பாரத்தால் கீழ்ப்புற நிரப்பு நசுங்குமாதலால், அடியில் தடித்த விரிப்பொன்றும் வேண்டும். வைத்தியர் கொடுத்த மூச்சு மருந்து பிள்ளையின் தலைமாட்டிலேயே இருக்கட்டும். அதன் பயன்பாட்டைப் பொறுப்பாசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

அம்மாணவன் மறுவருடமும் பாசறைக்கு வந்தான். அதே இறகுப் பையை வெயிலிற் காயவைத்து, புதிய உறையிட்டுக் கொண்டுவந்தான். இரவு முழுவதும் உறங்கினான். உறங்காமல் அவனுடைய மூச்சைக் கேட்டிருந்தவன் நானே.

தொய்வு தானாக நீங்கட்டுமென இலவு காத்த கிளிபோல் நம் பிள்ளைகள் வீட்டிற் காத்திருக்க வேண்டுவதில்லை. காரணத்தை அறிந்து, படுக்கையைத் தெரிந்து, அவர்களை மலைகாண அனுப்புவோமாக.