சுவர் தாங்குமா?



2010களில் தில்லி கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அடுக்கு மாடிகள் எழும்பின. அவ்வழியே அலுவலகம் செல்லும்போது, வரிசையாக வார்த்து வைத்திருந்த கான்கிரீட் கட்டிகளைக் கண்டோம். அவற்றை 28 நாள் ஈரத்தில் வைத்து, பின்னர் நசுக்கி வலிமையை அளப்பது கட்டட வழக்கம். குடியேறுமுன் தூண் தாங்குமா என்று அறிய வேண்டாமா?

இதே கேள்வியை விஞ்ஞானிகள் அணு இணைவு உலையின் சுவரைப் பற்றிக் கேட்கின்றனர். அவ்வுலையில் டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது ஹீலியமும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. மின்னேற்றமற்ற நியூட்ரானைக் காந்த வேலி தடுக்காது. 1 கோடியே 40 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் அது சுவருக்குள் பாய்கிறது. எஃகின் அணுக்கள் இடம் பெயர்கின்றன. உள்ளேயே ஹீலியம் வாயு சேர்கிறது. நாளடைவில் எஃகு உப்பலாம்; எளிதில் நொறுங்கவும் கூடும்.

இதற்கெனக் கல்பாக்கம் விஞ்ஞானிகள் பிறருடன் சேர்ந்து தனி எஃகு ஒன்றை உருவாக்கினர். மாலிப்டினம், நையோபியம் ஆகியவற்றுக்குப் பதிலாக டங்ஸ்டனும் டாண்டலமும் சேர்த்தமையால், அதில் ஏற்படும் கதிரியக்கம் விரைவில் தணியும். அதை எங்கே சோதிப்பது? கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் நியூட்ரான்கள் ஏராளம். ஆனால் அணுப்பிளவில் பிறக்கும் நியூட்ரானின் சராசரி ஆற்றல் சுமார் 20 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டே. குஜராத்திலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தின் கருவி உரிய ஆற்றலுள்ள நியூட்ரான்களைத் தருகிறது. எஃகைச் சிதைத்துப் பார்க்க அவற்றின் எண்ணிக்கை போதாது.

ஸ்பெயின் நாட்டில், கிரானடா நகருக்கு அருகே அமையும் டோன்ஸ் நிலையம் இவ்விரு குறைகளையும் நீக்க முயல்கிறது. 4 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள டியூட்டீரியக் கருக்களை லித்தியத்தின் மீது பாய்ச்சி, உரிய ஆற்றலை ஒத்த நியூட்ரான்களை ஏராளமாகப் பெறுவதே திட்டம். அக்கற்றையின் திறன் 50 லட்சம் வாட். ஓரிடத்தில் நிற்கும் திடப்பொருள் அதைத் தாங்காது. ஆகவே 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள திரவ லித்தியத் திரை, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடி வெப்பத்தை ஏந்திச் செல்லும். திரைக்குப் பின்னால் நியூட்ரான்கள் அடர்ந்து விழும் இடமோ அரை லிட்டர் அளவுக்குள் அடங்கும். எனவே சிறு சிறு மாதிரித் துண்டுகளையே அங்கே அடுக்க வேண்டும். கட்டடத்துக்குக் கான்கிரீட் கட்டி போல, உலைச் சுவருக்கு அத்துண்டுகளே சாட்சி.

இணைவு மின்சாரம் நாளையே வரும் என்று நாளிதழ்கள் எழுதும்போது மகிழ்வோம். கூடவே, சுவர் சோதிக்கப்பட்டதா என்றும் கேட்போம். நம் பிள்ளைகள் அக்கேள்விக்கு விடை காணும் துறைகளில் பயிலட்டும்.