முள்வெளியில் ஓர் ஆற்றுப்படை

 

அறியாத நிலத்தினுள் நுழைவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை கூறும் இலக்கிய வகை நம்மிடம் உண்டு, அதுவே ஆற்றுப்படை. மலைபடுகடாம், பரிசில் நாடிச் செல்லும் கூத்தர்க்கு வள்ளலின் புகழை மட்டும் கூறவில்லை. வழியில் பன்றிக்கு வைத்த பொறியையும் பாம்பு உறையும் இடத்தையும் சுட்டி எச்சரிக்கிறது. இதனை வகுப்பறையில் பல்லாண்டு விளக்கியிருக்கிறேன். ஆயினும் அதன் அருமையை நான் உணர்ந்தது, டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் என் தம்பியின் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான்.

அம்மாநிலத்து நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் தனியாருடையது. எனவே மான் வேட்டைக்குச் செல்ல விழையும் எளியவர், அரசின் வனவிலங்குத் துறைக்கு விண்ணப்பித்துக் குலுக்கலுக்குக் காத்திருப்பர். தம்பிக்குச் சாப்பரல் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் அனுமதி விழுந்தது. 1969-இல் அரசு வாங்கிய 15,200 ஏக்கர் முட்புதர்க்காடு அது.

"நம் ஊர்க் காடு போலத்தான் அக்கா" என்றான் அவன். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட்டும், சப்பாத்திக்கள்ளியும் அங்கு மண்டியிருப்பது உண்மையே. பெயர் தெரிந்ததால் நிலமும் தெரியும் என்று எண்ணிவிட்டான். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், வேட்டையில் பழகியவர், அவனிடம் கேட்டார்: "கள்ளியை உனக்குத் தெரியும், மான் அதனிடம் எப்போது வரும் என்பது தெரியுமா?"

அதன்பின் அவன் மாணவனானான். வான்படங்களைப் பரப்பி, புதரை வெட்டித் திறந்த நெடும்பாதைகளையும் நீர்நிலைகளையும் குறித்தான். காற்று எத்திசையில் வீசினால் எப்பக்கம் அமர்வது என்று எழுதி வைத்தான். மனித வாடை முன்சென்றால் மான் வராது. நூறு கஜத்தில் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்தான். முள்ளுக்கும் விரியனுக்கும் அஞ்சிக் கணுக்காலுறை வாங்கினான். பிற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காக, விதிப்படி 400 சதுர அங்குலத்திற்குக் குறையாத செம்மஞ்சள் உடையும் தொப்பியும் எடுத்துக்கொண்டான். அடிபட்ட மான் புதருள் ஓடினால், கடைசியாகக் கண்ட இடத்தில் கட்ட நாடாவும் வைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் அந்தியில் கலைமான் ஒன்று வந்தது. தொலைவு சற்று மிகுதி, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவன் சுடவில்லை. வெறுங்கையுடன் திரும்பியவன், "அடிபட்டு அந்த முள்ளுக்குள் ஓடியிருந்தால் நான் தேடிக் கண்டிருக்க முடியாது அக்கா. அது இரவெல்லாம் கிடந்து செத்திருக்கும்" என்றான்.

நான் வேட்டையைப் போற்ற வரவில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் மானைக் காப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முல்லை என்றும் பாலை என்றும் இருபதாண்டு கற்பித்தவள் நான். மான் காற்றை அஞ்சி நடப்பதைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். என் முனைவர் பட்டமும் ஒரு குலுக்கல் அனுமதி போன்றதே. உள்ளே விடும், நிலத்தை அறிவிக்காது.

கவிஞர்களே, நாம் பாடும் நிலத்தில் நம் கால் பட்டதுண்டா? அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் திங்கள்தோறும் ஒருநாள் அரங்கை விட்டுக் காட்டோரம் கூடட்டும். ஆடு மேய்ப்பவர் ஒருவர் நமக்கு ஆற்றுப்படை சொல்லட்டும். சொல்லத் தெரியாததைச் சொல்லாமல் விடும் துணிவும் அங்கு நமக்கு வாய்க்கலாம்.