ஆடுபுலியும் கணிப்பொறியும்

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி எங்குப் பாயினும் ஆட்டுக்காரர் மறுநகர்வு ஒன்று வைத்திருத்தல் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கொதிகலனைக் காக்கும் கட்டுப்பாட்டுப் பொறியின் நிலையும் அஃதே. ஏறியிறங்கும் வெப்பமும் அழுத்தமும் புலிகள். வால்வைத் திறப்பதும் மூடுவதும் பொறியின் நகர்வுகள். ஒருமுறை தவறினும் தொழிலாளர் உயிருக்கு ஆபத்து. ஆட்டமோ முடிவதேயில்லை!

காக்க வேண்டிய விதிகளைத் தர்க்கமொழியில் எழுதித் தந்தால், அவற்றை என்றும் மீறாத பொறி அமையுமா? 1957-இல் அலோன்சோ சர்ச் எழுப்பிய வினா இது. பியூக்கியும் லேண்ட்வெபரும் 1969-இல் விடை கண்டனர். இதனை ஆட்டமாகக் கருதின், வெல்லும் உத்தி உண்டா என்பதைக் கணக்கிட்டே அறியலாம். உண்டெனில், அளவான நினைவுடைய பொறியே அதனை ஆடிவிடும். பழைய நகர்வுகள் அனைத்தையும் அது நினைவிற்கொள்ள வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெருவியப்பு. ஆனால் விதிகள் பெருகின் கணக்கிடும் காலம் மலையென வளரும். ஆராய்ச்சியாளர் இன்றும் மல்லாடுவது அதனோடுதான்.