புது சர்வரும் பழைய விலாசமும்

 

மன்னாரில் ஒரு அலுவலகத்தில் புது சர்வர் பூட்டியாயிற்று. மறுநாள் பார்த்தால் எல்லாக் கணினியும் முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. தலைமன்னாரிலிருந்தோ சிலாவத்துறையிலிருந்தோ காலை பஸ் பிடித்து ஒரு பத்திரத்துக்காக வந்தவர் கவுண்டரில் காத்து நிற்கிறார். உடனே, "கணினி பழசு, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுவோம். அவசரப்படாதீர்கள்.

முதலில் டிஎன்எஸ் என்ற அமைப்பைப் பாருங்கள். பெயரைச் சொன்னால் விலாசம் தருவது அதன் வேலை. பல இடங்களில் இந்த வேலையைப் பழைய சர்வரே செய்திருக்கும்; கணினிக்குள் கழற்றிய அந்த சர்வரின் விலாசமே இன்னும் இருக்கும். கணினி முதலில் அங்கே கேட்கும், பதில் வராமல் காத்திருக்கும், பிறகுதான் அடுத்ததை நாடும். இப்படிப் பெயரைத் தேடும்போதெல்லாம் இந்தத் தாமதம் சேரும். பழைய சர்வரோடு இணைத்திருந்த பகிர்வு டிரைவ்களையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்தது கேபிள். மன்னார் தீவில் இதையும் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். வலைக் கேபிளுக்குள் 8 செப்புக் கம்பிகள். வினாடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். நான்கே வேலை செய்தால் 100 மெகாபிட்தான். உப்புக்காற்று நுழையும் அறையில் முனைகளில் களிம்பு பிடிக்கும். கணினியின் வலை அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று காட்டினால், முனையை வெட்டிப் புது முனை போடுங்கள். செலவு மிகக் குறைவு. கவுண்டரில் நிற்பவர் மத்தியான பஸ்ஸிலேயே வீடு திரும்பலாம்.