ராத்திரி இருமல்: நெஞ்சா, வயிறா?

(நெய்வேலி நகரியத்தில் மூத்த குடிமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊரில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தை கடிகாரம் முடிவு செய்வதில்லை, ஷிப்ட்தான் முடிவு செய்கிறது. இரண்டாம் ஷிப்ட் முடித்து வீடு வந்து சேரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். நல்ல பசி. சோறு, குழம்பு, கூட ரெண்டு வடையோ அப்பளமோ. சாப்பிட்ட கையோடு படுக்கை. முப்பது வருஷம் இப்படிப் பழகின உடம்பு, ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்குத்தான் சோறு கேட்கும்.

இப்போது அந்த வீட்டுப் பெரியவருக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் தவறாமல் இன்ஹேலர் இழுக்கிறார். ஆனாலும் நடுராத்திரி ஒரு மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் வாயில் புளிப்பு, தொண்டையில் எரிச்சல். வீட்டம்மா, "இன்னொரு தடவை பஃப் எடுத்துக்கங்க" என்கிறார். எடுத்துக்கொள்கிறார், கொஞ்சம் தேவலாம். அடுத்த நாள் ராத்திரியும் அதே கதை. மருத்துவரிடம் போகும்போது, "டாக்டர், இழைப்பு அதிகமாயிடுச்சு" என்று மட்டும் சொல்கிறார். வாயில் வந்த புளிப்பைச் சொல்வதே இல்லை. அது வயிற்று சமாச்சாரம், இது நெஞ்சு சமாச்சாரம், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

இரண்டும் ஒன்றையொன்று தூண்டும்

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாட்டை உள்ளே விடும், மேலே திரும்ப விடாது. அந்த வளையம் தளர்ந்தால், இரைப்பையின் அமிலம் மேலே ஏறும். இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற தசை, அந்த வளையத்துக்கு வெளியிலிருந்து பக்கபலமாக நிற்கிறது.

சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு இழுத்த காற்று முழுவதும் வெளியே வராமல் நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் உப்பும். உப்பிய நுரையீரல் உதரவிதானத்தைக் கீழே அழுத்தித் தட்டையாக்கிவிடும். அப்புறம் வளையத்துக்குக் கிடைக்கிற பக்கபலம் குறைகிறது. இதோடு ஒவ்வொரு இருமலும் வயிற்றை அமுக்குகிறது. ஆக, நுரையீரல் நோயே எதுக்களிப்புக்கு வழி திறந்து விடுகிறது.

மறுபக்கம் பாருங்க. மேலே ஏறிய அமிலத்தில் ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் போனாலே போதும், இருமலும் இழைப்பும் கிளம்பும். உள்ளே போகாமல் உணவுக்குழாயின் அடியைத் தொட்டாலும்கூட, நரம்பு வழியாக மூச்சுக்குழாய் சுருங்கலாம். இருமினால் அமிலம் ஏறுகிறது, அமிலம் ஏறினால் இருமல் வருகிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

2010-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ‘எக்லிப்ஸ்’ ஆய்வு, 2,138 சி.ஓ.பி.டி. நோயாளிகளை மூன்று ஆண்டுகள் கவனித்தது. நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ இருந்தவர்களுக்கு, நோய் திடீரென்று முற்றி அவதிப்படுவது கூடுதலாக இருந்தது. அதற்காக அமில மாத்திரை போட்டால் நுரையீரல் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதுக்களிப்பு இருப்பவர் அதைச் சில்லறை விஷயமாக ஒதுக்கக் கூடாது என்பதுதான் அதில் நமக்குள்ள செய்தி.

நெஞ்செரிச்சல் தெரியாமலே எதுக்களிப்பு இருப்பதும் உண்டு. காலையில் குரல் கம்மல், அடிக்கடி தொண்டையைக் கனைப்பது, சாப்பிட்ட பின்போ குனிந்தாலோ படுத்தாலோ இருமல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் நேரம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் ஏழு மணிக்கே சாப்பிடலாம், ஷிப்டை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று வயிற்றுக்கும் சொல்ல வேண்டியதுதான். இன்னும் இரண்டாம் ஷிப்ட் போகிறவர்கள், பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்னும், நடுவில் இடைவேளையிலும் முடித்துக்கொண்டு, வீடு வந்ததும் ரெண்டு இட்லியோ கொஞ்சம் மோர்ச் சாதமோ போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவு. வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இடமில்லை. அதனால்தான் சிலருக்குச் சாப்பிடும்போதே மூச்சு வாங்குகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். சாப்பிடும் முன் பத்து நிமிஷம் ஓய்வெடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், மூக்குக் குழாயைச் சாப்பிடும்போது கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அதோடு அடுப்புப் பக்கம் போகவே கூடாது.

ஆனால் எரிச்சலுக்குப் பயந்து சாப்பாட்டையே குறைத்துவிடாதீர்கள். மூச்சு விடவே கூடுதல் உழைப்பு தேவைப்படுகிற உடம்பு இது. மெலிந்தால் மூச்சுத் தசைகளும் மெலியும். முட்டை, பருப்பு, மீன், தயிர் வேண்டும். விட வேண்டியது எண்ணெயில் பொரித்தது, அதிகக் காரம், வெறும் வயிற்றில் சூடான காபி, மது, புகை. புதினா வயிற்றுக்கு நல்லது என்பார்கள், ஆனால் அது அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தக்கூடியது. பண்ருட்டி முந்திரி நம்ம மண்ணின் பெருமைதான், வறுத்த முந்திரியைப் பகலில் நாலு சாப்பிடுங்கள், படுக்கப் போகும்போது கைநிறைய வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு ராத்திரி ஒரு டம்ளர் பால் குடிக்கிற வழக்கம் இருக்கிறது. அந்த நேரத்துக்குக் குளுமையாக இருக்கும், ஆனால் படுக்கும்போது வயிறு நிறைந்திருக்கும். சோடா குடித்து ஏப்பம் விடுவதும் அப்படித்தான், ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரும். எல்லோருக்கும் ஒரே பதார்த்தம் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, உங்களுக்கு எது ஆகவில்லை என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படுக்கையைப் பற்றி நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மூன்று தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் உயரும், இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில், ஆடாத மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து, ஆறிலிருந்து எட்டு அங்குலம் உயர்த்துங்கள். பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக வரும்படி மெத்தைக்கடியில் முட்டுக் கொடுக்கலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும். வடலூர் வள்ளலார் தம்முடைய நித்திய கரும விதியில் இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லியிருக்கிறார், பக்கத்து ஊரில் ஏற்கெனவே சொல்லிவைத்த விஷயம்தான்.

இன்னொரு சின்ன விஷயம். பாவாடை நாடா, வேட்டிக் கட்டு, பெல்ட் இவையெல்லாம் வயிற்றை இறுக்கக் கூடாது. பெண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. விறகடுப்புப் புகையில் வருஷக்கணக்கில் சமைத்து, சிகரெட்டைத் தொடாமலே சி.ஓ.பி.டி. வந்த அம்மாக்கள் நம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்க

சில மருந்துகளே எதுக்களிப்பைக் கூட்டும். இழைப்புக்குத் தருகிற தியோஃபிலின் வகை மாத்திரை (டெரிஃபிலின் என்றால் உங்களுக்குத் தெரியும்) அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தக்கூடியது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். ஆனால் தயவுசெய்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டியலை மருத்துவரிடம் காட்டி, மாற்று உண்டா என்று கேளுங்கள். தியோஃபிலின் எடுப்பவர்களுக்குத் திடீரென்று குமட்டல், வாந்தி, படபடப்பு வந்தால் அது வெறும் வயிற்றுக் கோளாறாக இல்லாமல், மருந்தின் அளவு ரத்தத்தில் கூடியதாகவும் இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்து எடுக்கும்போது இப்படி ஆவதுண்டு. உடனே போய்க் காட்டுங்கள்.

பான்டாப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எரிச்சல் வந்த பிறகு போடுகிற மாத்திரை அல்ல அது. மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல், பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள், நீண்ட நாள் எடுத்தால் பி12 வைட்டமினும் மெக்னீசியமும் குறையலாம்.

முக்கியமானது ஒன்று. வயிற்று மருந்து கேட்கிறது என்பதற்காக இன்ஹேலரை விடக் கூடாது. நுரையீரல் மருந்து நுரையீரலுக்கு, வயிற்று மருந்து வயிற்றுக்கு. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வந்து, விழுங்கும்போது எரியும். அதையும் அசிடிட்டி என்று நினைத்துவிடுவோம்.

‘கேஸ்’ என்று சொல்லி உயிரை விடாதீர்கள்

நம்மில் பலருக்கு நெஞ்சில் எது வந்தாலும் ‘கேஸ் டிரபிள்’. ஒரு ஜெலுசில், ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர். நெஞ்சை இறுக்குகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, நடந்தால் கூடுவது, இவை வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். புகை பிடித்தவர்களுக்கு நுரையீரல் நோயோடு இதய நோயும் சேர்ந்தே வருவது சகஜம். சோடாவுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கு உடனடியாகத் தர வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன.

உதடு நீலம் பாய்வது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத மூச்சுத்திணறல், இன்ஹேலருக்கு அடங்காத இழைப்பு, மயக்கக் குழப்பம் இவற்றுக்கும் 108-தான். சாப்பாடு விழுங்க அடைப்பது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது இவை இருந்தால் எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம், தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது?

நகரியத்துக்குள் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் நிறுவனத்தின் மருத்துவமனை தெரிந்த இடம். இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு முதல் படி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். மேல் சிகிச்சைக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்திலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

வெளியே நடக்க முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை பற்றி உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியை, குறிப்பாக உதட்டைக் குவித்து மெதுவாகக் காற்றை வெளிவிடுவதை, அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். சாப்பிட்ட உடனே அந்தப் பயிற்சி வேண்டாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று தயாராக இருக்கட்டும். மூச்சு முட்டுகிற ராத்திரியில் சான்றிதழ் வாங்க ஓட முடியாது, நன்றாக இருக்கும்போதே அட்டையை வாங்கி வையுங்கள். தினசரி மாத்திரைகளை வெளியே வாங்குபவர்களுக்கு, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் குறைந்த விலையில் மருந்துகள் கிடைக்கின்றன. சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். புகையை விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒரே மருந்து உண்டென்றால் அது புகையை விடுவதுதான்.

ஒரு வாரக் கணக்கு

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். பேரப்பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது படுத்தேன், எப்போது இருமல் வந்தது, வாயில் புளிப்பு இருந்ததா, கூடுதலாக எத்தனை பஃப். ஒரு வாரம் இதை மட்டும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் எழுதித் தரட்டும்.

அந்த நோட்டையும் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "இழைப்பு அதிகமாயிடுச்சு" என்பதோடு நிறுத்தாமல், "சாப்பிட்டுப் படுத்த ரெண்டு மணி நேரத்தில் இருமல் வருது, வாயில் புளிக்குது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி கூடுதலாகச் சொன்னால், இன்ஹேலரைக் கூட்டுவதா, சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதா, வயிற்றுக்கு மருந்து தருவதா என்று அவர் முடிவு செய்ய வழி கிடைக்கும்.

சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஊர் விளக்கெரிய ராத்தூக்கம் இழந்தவர்கள் நீங்கள். இனி உங்கள் ராத்திரியாவது நிம்மதியாக இருக்கட்டும். இன்றைக்கே ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பாருங்கள்.