கல்குவாரிக் குழியும் பொதுப்பாதையும்
(செங்கற்பட்டுப் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் ஐந்து ரதத்தைப் பார்க்கிறார்கள். அர்ச்சுனன் தபசைப் பார்க்கிறார்கள். சற்று ஒதுங்கிக் கிடக்கும் பாறைகளில் வரிசையாக ஆப்புத் துளைகள் இருக்கின்றனவே, அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்லுடைத்தவன் விட்டுச் சென்ற கையெழுத்து அதுதான். 1,300 ஆண்டுகளுக்கு முன் மன்னனுக்காக உடைத்தான். பிறகு வெள்ளைக்காரனுக்காக உடைத்தான். இன்று கான்டிராக்டருக்காக உடைக்கிறான். உளியின் இடத்தில் வெடியும் கிரஷரும் வந்துவிட்டன. குடிசை மட்டும் மாறவில்லை.

நம் மாவட்டத்துக் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்ட் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் பக்கத்திலிருந்து போனது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று நாமகரணம் செய்தார். கல் நம்முடையது, பெயர் கம்பெனிக்காரனுடையது! பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் எல்லாம் அந்த இனந்தான்.

நிற்க. குத்தகை முடிந்ததும் என்ன நடக்கிறது? கான்டிராக்டர் இயந்திரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த குன்றுக்குப் போகிறார். ஊருக்கு மிஞ்சுவது செங்குத்தான குழி. அடியில் பச்சைத் தண்ணீர். குளிக்கப் போன பையன் திரும்புவதில்லை. மேயப் போன மாடு திரும்புவதில்லை. பிறகு பட்டணத்துக் குப்பை லாரி வருகிறது. லாபம் ஒருவருக்கு, குழி ஊருக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2020 ஜனவரி 8இல் சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் முளைக்கச் செய்து, தீவனமும் செடிகொடியும் பிராணிகளும் வாழும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். செலவைக் குத்தகைக்காரரே ஏற்க வேண்டும். அந்த உத்தரவை எத்தனை குழியின் கரையில் யார் படித்துக் காட்டினார்கள்?

“பாறையில் மரம் முளைக்குமா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கென்யாவில் மொம்பாசா பக்கத்தில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழி ஒன்று இருந்தது. 1971 வாக்கில் ரெனே ஹாலர் என்பவர் அதில் 26 வகை மரம் நட்டுப் பார்த்தார். மூன்று வகைதான் பிழைத்தன. அவற்றில் உரமாக ஓங்கியது எது தெரியுமா? நம் கடற்கரையெல்லாம் நிற்கிறதே, அதே சவுக்கு! ஆனால் உதிர்ந்த சவுக்கு இலை மக்காமல் மெத்தைபோல் கிடந்தது. மரவட்டையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தின்று கழித்துக் கழித்து மண் உண்டாயிற்று. மண் வந்தபின் மற்ற மரங்கள் வந்தன. விறகுக் கட்டில் மரவட்டையைக் கண்டால் தட்டிவிடுகிறோம். அதுவும் ஒரு பாட்டாளிதான், தோழர்களே!

நம் நாட்டிலேயே டில்லிக்கு அருகில் குர்காவ்னில் ஏறத்தாழ 380 ஏக்கர் பழைய குவாரி, 2010இலிருந்து ஊர் ஜனங்கள் நட்ட மரங்களால் ஆரவல்லிக் காடாகி நிற்கிறது. 2018–19இல் அதன் குறுக்கே நெடுஞ்சாலை போடும் யோசனை எழுந்தபோது ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். பிற்பாடு 2021இல் பராமரிப்பை ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். ஜனங்கள் வளர்த்ததற்குக் கம்பெனி காவல்! பக்கத்து பரீதாபாத் குவாரிகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த கொத்தடிமைகளைப் பற்றித்தான் 1983இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குடும்பங்களை மறந்துவிட்டுப் பச்சையைப் பற்றி மட்டும் பேசுவது நம் வேலையல்ல.

அவ்வளவு தூரம் போவானேன்? நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் கைவிட்ட குவாரி ஒன்று இருக்கிறது. அதன் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. ஆகவே குழியை முழுக்க மூட வேண்டியதில்லை. செங்குத்தான பக்கத்துக்கு வேலி போடலாம், தண்ணீரை விட்டுவிடலாம். 2017இலும் 2019இலும் சென்னை தவித்தபோது சிக்கராயபுரம் குவாரித் தண்ணீர்தானே கைகொடுத்தது! மேல்திட்டில் ஏரி வண்டலைக் கொட்டி, ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டும். வேம்பு, புங்கன், நாவல், இந்தக் கரையோரத்துக்கே உரிய வீரையும் காசாவும் நடலாம். வேலிகாத்தானை வேரோடு பிடுங்க வேண்டும். முதல் மூன்று வருஷம் ஆடு புகாமல் காக்க வேண்டும். இதற்கெல்லாம் கை வேண்டும், கூலி வேண்டும். நூறு நாள் வேலையில் ஏரியைத் தூர்வாரிய கைகள் நம் பெண்களுடையவை. 2015 சட்டத்திருத்தத்தின்படி சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக மாவட்டக் கனிம நிதி ஏற்பட்டிருக்கிறது. கல்லுடைத்த தொழிலாளிக்கே அதிலிருந்து காட்டு வேலை கொடு என்று கேட்கிறோம்.

அடுத்து, பாதை. காடு வந்ததும் கேட் போட்டு டிக்கெட் விற்பார்கள். அல்லது பக்கத்து ரிசார்ட்டுக்குத் தோட்டமாக்குவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பதைத்தான் பார்க்கிறோமே! இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தைப் பிரபுக்கள் தங்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24இல் கம்யூனிஸ்ட் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த 20 வயது பென்னி ராத்மன், நூற்றுக்கணக்கான தொழிலாளி இளைஞர்களோடு காவலை மீறி அதில் ஏறினார். ஐந்து பேர் சிறை சென்றார்கள். கிராமப்புறத்தில் நடக்கும் உரிமைக்கான சட்டம் 1949இல் வந்தது. நமக்கு இது புதிதல்ல. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. காட்டுப் பாதை காலனி வாசலிலிருந்தும் தொடங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அதனால்தான்.

இன்னொன்று. இதே செங்கற்பட்டின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது பஞ்சமி நிலம். அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் இரண்டு வாலிபர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகவே குழியைச் சுற்றியுள்ள தரிசு எது புறம்போக்கு, எது மேய்ச்சல், எது பஞ்சமி என்பதை முதலில் பார்க்க வேண்டும். பஞ்சமி நிலமானால் உரியவரிடம் போக வேண்டும். அதில் மரம் நடுவதாகச் சொல்லி யாரும் மூடி மறைக்க விடக்கூடாது. மீதிதான் காடு. அதன் நிர்வாகம் கிராம சபையிடம் இருக்க வேண்டும்.

இன்று கூட்டம் முடிந்ததும் அவரவர் ஊர்க் குவாரிகளின் சர்வே எண், குத்தகை முடிந்த தேதி, மேய்ச்சல் வழி இவற்றை எழுதித் தாருங்கள். வி.ஏ.ஓ. அடங்கல் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுத மேஜையருகே தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மே 1 கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டும். அதற்கு முன் கையெழுத்துத் தாள்கள் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும்.